முதுகில் இரண்டு விரல்

அக்கா வருவது காதில் விழாது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் அறைக்குள் நடப்பார். நாங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே இரண்டு விரல்கள் வந்து நிற்கும். அழுத்த மாட்டார். சும்மா தொட்டுக்கொண்டு நிற்பார். முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்ததும் விரல்கள் அடுத்த நாற்காலிக்குப் போய்விடும்.

"தோளு இன்னா காதுல மாட்டற கம்மலா? கீழ எறக்கும்மா."

இதைச் சலிக்காமல் சொல்வார். கோபமாக ஒருநாளும் சொன்னதில்லை.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பள்ளிக்கூடங்களும் கிளினிக்குகளும் கையால் நிரப்பி அனுப்பும் படிவங்களைப் பார்த்து, அப்படியே கணினியில் ஏற்றுவது வேலை. இருபத்திரண்டு பேர், எல்லோரும் பெண்கள். படிவக்கட்டு மேசையின் இடது ஓரத்தில் கிடக்கும். அதைப் படிக்கக் குனிய வேண்டும். திரையைப் படிக்கக் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டும். உட்கார நீலநிற பிளாஸ்டிக் நாற்காலி. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்கு எழுந்திருக்கும்போது, ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவோம்.

அக்கா எங்களுக்கு சூப்பர்வைசர். நாங்கள் ஏற்றியதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. எங்கள் முதுகுகளைப் பார்க்கச் சொல்லி யாரும் அவரை நியமிக்கவில்லை. இங்கே வருவதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் மூன்று வருடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தவர். "கதவு எப்பவும் தெறந்தேதான் இருக்கும். டோக்கன் குடுத்துக்கினே பாதி படிப்ப படிச்சிட்டேன்" என்று சிரிப்பார்.

மனிதர்களை அவர் முகத்தை வைத்து அடையாளம் கண்டதாக எனக்கு நினைவில்லை. தோளை வைத்துத்தான் கண்டார். ரயில்வே ஸ்டேஷனில் முன்னால் போகிற ஆளைக் காட்டி, "வலது தோளு எறங்கிக் கெடக்குது பாரு. ஒரே பக்கமா பேக்க மாட்டறாரு" என்பார். ஒருமுறை எங்களில் ஒருத்தி தனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் போட்டோவை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் மீசையைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு நொடிதான் பார்த்தார்.

"கழுத்து முன்னாடி வந்துடுச்சி. கம்ப்யூட்டர்லதான உக்கார்றாரு?"

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைதான்.

நான் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அந்த அறையையே அவர் மாற்றிவிட்டார். கம்பெனி ஒரு பைசா செலவு செய்யவில்லை. வேலை முடிந்து கிடந்த பழைய படிவக்கட்டுகளை அடுக்கி, ஒவ்வொரு திரையையும் கண் மட்டத்துக்கு ஏற்றினார். "மானிட்டரு உங்கிட்ட வரட்டும். நீ அதுங்கிட்ட போவாத." போன வருடத்து மேசைக் காலண்டர்களைத் தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டு வாங்கி வந்தார். முக்கோணமாக நிற்கும் அட்டையில் கிளிப்பு போட்டுப் படிவத்தை மாட்டினால், குனியாமல் நேராகப் படிக்கலாம். இடுப்புக்குப் பின்னால் வைக்க ஆளுக்கொரு துண்டைச் சுருட்டிக் கொண்டுவரச் சொன்னார். பெரிய தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்க விடமாட்டார்.

"பெரிய பாட்டிலு வெச்சிக்கினா நீ எடத்த வுட்டு எழுந்திரிக்கவே மாட்ட. டம்ளரு வெச்சிக்கோ. காலியானா எழுந்து போயி புடிச்சிக்கினு வா."

பதினொரு மணிக்கும் மூன்றரைக்கும் ஸ்டாக் ரூம் வாசலில் வரிசையாக நிற்போம். நிலையின் இரண்டு பக்கமும் முன்னங்கைகளைப் பதித்து, ஒரு காலை முன்னால் வைத்து, மார்பு விரிகிற வரைக்கும் சாய வேண்டும். இருபது எண்ணுவார். அதன் பிறகு தாடையை உள்ளே இழுக்க வேண்டும். "ரெட்ட நாடி விழணும். அழகு கெட்டுப் போயிடும்னு பாக்காத, இழு." ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இழுப்போம்.

முதல் வாரத்தில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இன்னா நடக்குது இங்க?"

"நிமிந்தா தப்பு கொறையும் சார்" என்றார் அக்கா. மாதக் கடைசியில் பிழைக் கணக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார். உண்மையிலேயே குறைந்திருந்தது. அதன் பிறகு மேனேஜரே ஒருநாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஸ்டாக் ரூம் நிலையில் கைகளைப் பதித்துக்கொண்டு நின்றார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் காணைக்குப் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பன்னிரண்டு வயதில் இருந்து, "பொட்டப்புள்ள நெஞ்ச நிமித்திக்கினு நடக்காத" என்று கேட்டு வளர்ந்தவள். ஊர்த்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவேன். அந்தத் தெருவில் அப்பாவும் அப்படித்தான் நடப்பார். கழுத்து வலிக்கிறது என்று நான் முதலில் வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டது.

"ஏன்டி, நாள் பூரா சேத்துல குனிஞ்சி நாத்து நட்டவ நானு. ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கினு செய்யற வேலைக்கு உனக்கு முதுகு வலிக்குதா?"

அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாவது நாள் அக்கா என்னைச் சுவரோடு நிற்க வைத்தார். குதிகால், புட்டம், தோள், பின்தலை நான்கும் சுவரைத் தொட வேண்டும். எனக்குத் தலை தொடவில்லை. இடைவெளியில் அவர் விரல்களை நுழைத்துப் பார்த்தார். நான்கு விரல் போனது. என் தோள்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது கம்ப்யூட்டரு செஞ்சது இல்லையே. உன்ன யாரு குனியச் சொன்னது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வாரா வாரம் அளப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வாரா வாரம் அளந்தார். மூன்று விரல் ஆனது. இரண்டரை ஆனது. அதற்கே அவர் அறை முழுக்கக் கேட்கும்படி கைதட்டினார்.

என் தங்கையின் மஞ்சள் நீராட்டுக்கு அவரைக் கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். திண்டிவனத்தில் இருந்து ரயிலேறி, விழுப்புரத்தில் பஸ் பிடித்து வந்தார். எங்கள் ஊரில் யார் வீட்டில் யார் சாப்பிடுவார்கள், யார் சாப்பிட மாட்டார்கள் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். கிளம்பும்போது அம்மாவின் இடுப்பில் கையை வைத்து, எப்படிப் படுத்து எப்படி எழ வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்குப் பூராவும் அதையே பேசிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா பக்கத்துல இருக்கிற வரைக்கும் நீ எதுக்கும் பயப்படாத."

அவரிடம் சொல்லப்படாத வலி அந்த அறையில் எதுவும் இல்லை. "எங்க வலிக்குது? எப்பலேர்ந்து? காலையில அதிகமா, சாயங்காலமா?" என்று கேட்டுவிட்டு, வேறு எங்கும் பார்க்காமல் நம் முகத்தையே பார்ப்பார். அப்படி ஒருவர் கேட்டால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது? இடுப்பு எலும்பு தேய்ந்திருப்பதை ஒருத்தி சொன்னாள். மாதவிலக்கின்போது இரண்டு நாள் நிமிரவே முடியவில்லை என்று ஒருத்தி. நாள் தள்ளிப்போயிருப்பதை மாமியாரிடம்கூடச் சொல்லாத ஒருத்தி அக்காவிடம் சொன்னாள்.

நான் என் கையைப் பற்றிச் சொன்னேன்.

ஒரு சாயங்காலம் திண்டிவனம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தோம். அவர் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான். சில நாள் என்னோடு பேசிக்கொண்டே வந்து ஏற்றிவிட்டுப் போவார். அன்றைக்கு டிபன் பாக்ஸ் மூடி என் இடது கையில் இருந்து நழுவி விழுந்தது. அதே வாரத்தில் அது மூன்றாவது முறை.

"அக்கா, இந்தக் கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் மரத்துப் போவுது. பத்து நாளா."

அவர் பையில் இருந்து பேனாவை எடுத்து முனையால் என் விரல்களை மெல்லத் தொட்டார். "இங்க தெரியுதா? இங்க?" கட்டைவிரலில் அவர் தொட்டது தெரியவில்லை. அவர் முகம் மாறியது.

"நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டரப் பாரு. ஆபீஸ்ல காய்ச்சல்னு சொல்லிக்கலாம். டைப்பிங் வேலையில கை மரத்துப் போவுதுன்னு தெரிஞ்சா வெச்சிக்க மாட்டானுங்க. எங்கிட்டேர்ந்து வெளிய வராது, நீ பயப்படாத."

விழுப்புரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தில் ஒரு நரம்பு அழுந்துகிறது, பெரிய ஆபத்து இல்லை, உட்காரும் விதத்தை மாற்றி, பயிற்சி செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தச் சீட்டைக் கேட்டார். பழைய கிளினிக்கில் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக் கேட்கிறேன் என்றார். போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கேட்டு வந்து, எனக்கென்று தனியாகச் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். எது செய்யலாம், எது செய்யக்கூடாது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். நான்கு மாதத்தில் விரல்களுக்கு முழுசாக உணர்ச்சி திரும்பியது. வேகத்தில் மூன்றாவது இடத்துக்கு வந்தேன். சுவரோடு நின்றால் தலை தொட்டது.

இந்த மாற்றத்தைச் செய்தது அவர்தான். இதை நான் மறுக்க முடியாது. மறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. ஸ்கேன் செய்து போட்டால் கையெழுத்தை அதுவே படித்துவிடும். அது தப்பாகப் படித்ததைத் திருத்துவதற்கு மட்டும்தான் ஆள் தேவை. பன்னிரண்டு பேர் போதும் என்றார்கள். வேகத்தையும் பிழையையும் பார்த்துத்தான் ஆளை வைத்துக்கொள்வோம் என்று மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். நான் பயப்படவில்லை. மூன்றாவது இடத்தில் இருப்பவளை ஏன் அனுப்பப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சாரிம்மா. இந்த மாசத்தோட முடிச்சிக்கலாம்."

"சார், என் ஸ்பீடு..."

"ஸ்பீடு இருக்குதும்மா. ஆனா உனக்குக் கழுத்து நரம்புல பிரச்சின, கை மரத்துப் போவுது. நாளைக்கு ஏதாச்சும் ஆயி, வேலையாலதான் ஆச்சின்னு நீ வந்து நின்னா கம்பெனிக்குப் பேஜாரு."

"யாரு சார் சொன்னது?"

அவர் தன் போனை எடுத்து, என்னவோ தேடி, என் பக்கம் திருப்பினார். டாக்டர் சீட்டு. அதன் ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிந்தது. நானே பிடித்துக்கொண்டு எடுத்த படம். அதை நான் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தேன்.

"அது போன வருசம் சார். இப்ப சரியாயிடுச்சி."

"எங்கிட்ட இருக்கிறது இதாம்மா" என்று போனைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தேன். அக்கா தன் மேசையில் நேராக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "அக்கா" என்றேன்.

"இப்ப வேணாம்மா. வேலை நேரம்."

அவர் திரும்பவில்லை. திரையில் எதுவும் ஓடவில்லை, முதல் பக்கம்தான் இருந்தது. அறையில் யாருமே தட்டச்சு செய்யவில்லை. நான் துண்டையும் டம்ளரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் மறுப்பார், சத்தியம் செய்வார், வேறு யாரோ போனை எடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்பார். அதற்கெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தார். அந்த நேரத்திலும் அவர் கண் முதலில் என் தோள்களுக்குத்தான் போனது.

"வா. உக்காரு."

நான் உட்காரவில்லை. "அந்தச் சீட்ட மேனேஜருக்கு நீங்கதான் அனுப்பனீங்களா அக்கா?"

"ஆமா."

வழி முழுக்க யோசித்தது அத்தனையும் வீணாகிவிட்டது.

அவரே பேசினார். "பன்னெண்டு பேருக்கு எதுக்கு சூப்பர்வைசருன்னு கேட்டாரு. அனுப்பற லிஸ்ட்ல எம் பேரும் இருக்குதுன்னாரு. அப்பறம், யார் யாருக்கு உடம்புல இன்னா கோளாறுன்னு உனக்குத்தான தெரியும், சொல்லுன்னாரு. சொன்னேன்."

"எத்தினி பேர?"

"நாலு பேர."

நாலு பேரும் யார் யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அறைக்குள் போய் அழுதுகொண்டு வந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். இடுப்பு எலும்பு தேய்ந்தவள். மாதவிலக்கில் துடிப்பவள். நாள் தள்ளிப்போயிருந்தவள்.

"எம் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்குது. எனக்கு நாப்பத்தாறு வயசு. நான் இனிமே எந்த ஆபீஸ் வாசல்ல போயி நிக்கறது, நீயே சொல்லு" என்றார். குரல் உடைந்திருந்தது. "நீ சின்னப் பொண்ணு. கையும் நல்லா ஆயிடுச்சி. எங்க போனாலும் பொழச்சிக்குவன்னு எனக்குத் தெரியும்."

"கை நல்லா ஆயிடுச்சின்னு அவருகிட்ட சொன்னீங்களா அக்கா?"

அவர் நைட்டியின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அத அவரு கேக்கல" என்றார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். "வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று பின்னால் இருந்து சொன்னார். திரும்பாமல் தெருமுனை வரைக்கும் நடந்த பிறகுதான், நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

வீட்டில் கம்பெனியே மூடிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"ஐயோ, அந்தம்மாவுக்கும் வேல போயிடுச்சா? பாவம்" என்றது அம்மா.

ஆமாம் என்றேன். அக்கா அதே அலுவலகத்தில் இருக்கிறார் என்றும், புதிதாக வருகிறவர்களையும் ஸ்டாக் ரூம் வாசலில் நிற்க வைக்கிறார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அவர்களும் எங்கே வலிக்கிறது என்று அவரிடம் சொல்வார்கள். என் போனில் அவர் நம்பர் இன்னும் இருக்கிறது. நானும் கூப்பிட்டதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை.

இப்போது விழுப்புரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் மனுக்கள் டைப் அடிக்கிறேன். உடம்பில் ஏதாவது குறை இருக்கிறதா என்று சேரும்போது கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மைதான். காலையில் வீட்டில் பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். செய்யாவிட்டால் மூன்றாவது நாளே கழுத்து இழுக்கிறது. ஆபீஸில் யார் பார்வையிலும் படும்படி செய்வதில்லை. தலை வலித்தால்கூட முகத்தில் காட்டுவதில்லை.

போன மாதம் அங்கே என் வயதையொத்த பெண் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். எனக்கு அடுத்த மேசை. நாள் முழுக்கக் கூன் போட்டுக்கொண்டு டைப் அடிப்பார். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் மானிட்டருக்குக் கீழே இரண்டு பழைய கேஸ் கட்டுகளை வைத்து உயர்த்திக் கொடுத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. எனக்குக் கொஞ்ச நாளாவே இந்தக் கையில..."

"வேணாம். எங்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "சரிங்க" என்று திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அன்றைக்குப் பூராவும் என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போயும் எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் டீ வந்த நேரத்தில் நானே அவர் மேசைக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து, "நேத்து கையப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே, இன்னா அது?" என்று கேட்டேன்.

அவர் இடது கையை மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார்.